பள்ளி மாணவிகள் தைத்த பட்டுப் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பழைய அருங்காட்சியகங்களைப் பார்க்கப் போகும் நம்மவர்கள் ஒரு வகைப் படத்தின் முன்னால் தயங்கி நிற்பதைப் பலமுறை கவனித்திருக்கிறேன். கருப்புக் கண்ணாடி விளிம்புக்குள் வெளிறிய பட்டு. அதில் ஒரு கல்லறை, அதன்மேல் சாய்ந்து அழும் பெண், தலைக்கு மேலே தொங்கும் வில்லோ மரம். 1790களிலிருந்து 1830கள் வரை அந்நாட்டுப் பள்ளி மாணவிகள் செய்தவை இவை.

எம்பிராய்டரி கற்றுக்கொடுக்கும் தோழிகளும், பழைய பொருள் கடையில் இப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த உறவினர்களும் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டதால் இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. இவற்றை வெறும் அலங்காரப் பொருளாக நான் பார்ப்பதில்லை, பெயரும் ஊரும் உள்ள பெண்களின் படைப்பாகவே பார்க்கிறேன். பதில்களிலும் அந்தச் சாய்வு தெரியும்.

முதல்ல இது ஓவியமா, தையலா?

இரண்டும் சேர்ந்தது. சாட்டின் அல்லது டஃபேட்டா பட்டுத் துணியை, பெரும்பாலும் அடியில் ஒரு லினன் துணி கொடுத்து, சட்டத்தில் இழுத்துக் கட்டுவார்கள். அதன்மேல் படத்தை மையால் கோடாக வரைந்து, மரம், புல், உடை, கல்லறை எல்லாவற்றையும் பட்டு நூலால் நிரப்புவார்கள். வானம், முகம், கை, கால் ஆகியவை நீர்வண்ணம்.

முறுக்கு குறைந்த பட்டு நூல் என்பதால் வெளிச்சம் படும் பக்கத்துக்கு ஏற்ப மின்னும். உடையின் மடிப்புகளுக்குத் தையலின் திசையை மட்டும் மாற்றியே நிழலும் ஒளியும் வரவழைத்திருப்பார்கள். இலைக்கும் தரைக்கும் வெல்வெட் மாதிரி தடிப்பான செனில் நூல், சில பள்ளிகளில் ஜரிகையும் சம்கியும் கூட உண்டு. சாட்டின் தையல், நீள-குட்டைத் தையல், முடிச்சுத் தையல் எல்லாம் இன்று நம் ஊர் வகுப்புகளில் சொல்லிக்கொடுப்பவைதான்.

செஞ்சது யாரு? சின்னப் பிள்ளைங்களா?

பெரும்பாலும் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுக்குள் இருந்த பெண்கள். அதற்கு முன்பே, எட்டு ஒன்பது வயதில், லினன் துணியில் எழுத்துகளும் எண்களும் ஒரு செய்யுளும் தைத்த ‘சாம்ப்ளர்’ ஒன்றை முடித்திருப்பார்கள். பட்டுப் படம் அதற்கு அடுத்த படி. வசதியுள்ள குடும்பம் மகளை வேறு ஊரிலுள்ள விடுதிப் பள்ளிக்கு அனுப்பி, அதற்கென்று தனிக் கட்டணமும் கட்டிச் செய்ய வைத்தது. முடிந்ததும் நல்ல சட்டம் போட்டு வரவேற்பறைச் சுவரில் மாட்டுவார்கள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு மகளின் படிப்பையும் குடும்பத்தின் நிலையையும் ஒரே பார்வையில் சொன்ன பொருள் அது.

பள்ளிக்கூடத்துல தையல்தானா? படிப்பே சொல்லித் தரலையா?

சொல்லித் தந்தார்கள். இந்தத் தவறான எண்ணம் பலரிடம் இருக்கிறது. கனெக்டிகட்டில் லிச்ஃபீல்டு ஊரில் சாரா பியர்ஸ் 1792-ல் தொடங்கிய பள்ளியில் வரலாறு, புவியியல், இலக்கணம் எல்லாம் உண்டு. 1833 வரை சுமார் 3000 பெண்கள் அங்கே படித்தார்கள். பின்னாளில் பெண்கல்விக்காகப் பாடுபட்ட கேத்தரின் பீச்சரும் அந்தப் பள்ளியின் மாணவிதான்.

ஊசியும் பாடமும் ஒன்றாகவே போயின. இதற்கு எனக்கு மிகப் பிடித்த சான்று பென்சில்வேனியாவின் வெஸ்ட்டவுன் பள்ளி. கிறித்துவர்களில் குவேக்கர் பிரிவினர் 1799-ல் திறந்த அந்தப் பள்ளியில் மாணவிகள் பட்டுத் துணியில் பூகோள உருண்டைகளே தைத்தார்கள். உள்ளே அடைத்து உருட்டிய பந்து, மேலே கண்டங்களின் விளிம்பு, அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் நூலில். அதைத் தைத்து முடித்தவளுக்குப் புவியியல் தெரியாது என்று யார் சொல்ல முடியும்?

எந்தெந்தப் பள்ளிகள் பேர் போனவை?

பெரிய பட்டியல் அது. சிலவற்றைச் சொல்கிறேன். பென்சில்வேனியாவில் மொரேவியன் என்ற கிறித்துவச் சபையினர் 1742-ல் தொடங்கிய பெத்லகேம் பெண்கள் பள்ளி மிகப் பழையது. 1785-ல் சபைக்கு வெளியே இருந்தவர்களுக்கும் கதவைத் திறந்தது. அவ்வூர் மொரேவியன் சகோதரிகளின் ஊசி வேலைக்கு அதற்கு முன்பே நல்ல பெயர். அமெரிக்க விடுதலைப் போரில் குதிரைப்படைத் தளபதி புலாஸ்கியின் படைக்கொடியைத் தைத்தவர்கள் அவர்கள்தான்.

பாஸ்டனில் நாவலாசிரியை சுசானா ரோசன் 1797-ல் பள்ளி தொடங்கினார். பக்கத்து டார்செஸ்டரில் திருமதி சாண்டர்ஸும் செல்வி பீச்சும் 1803-ல் திறந்தார்கள். ஹார்ட்ஃபோர்டில் பாட்டன் சகோதரிகள், சவுத் ஹாட்லியில் அபி ரைட், பிராவிடன்ஸில் மேரி பால்ச், பிலடெல்பியாவில் ஃபோல்வெல் தம்பதியர். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு கைப்பாங்கு இருந்தது. படத்தின் உச்சியில் ஜரிகையால் புடைக்கத் தைத்த கழுகு, அலகில் மாலையோடு இருந்தால் பாட்டன் சகோதரிகள் பக்கம் நினைவு போகும். பெரிய கருங்கண்ணும் அழுத்தமான புருவமும் உள்ள முகங்கள் என்றால் ஃபோல்வெல்.

ஏன் எல்லாத்துலயும் கல்லறையும் அழுகையும்? அந்தக் காலத்துல அவ்வளவு சாவா?

சாவு இருந்தது, குழந்தைச் சாவு இன்னும் அதிகம். ஆனால் இந்தப் படங்கள் பெருகியதற்கு ஒரு குறிப்பிட்ட நாள் உண்டு. 1799 டிசம்பர் 14 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் இறந்தார். நாடே துக்கம் கொண்டாடியது. கல்லறையும் அழும் பெண்ணும் உள்ள அச்சுப்படங்கள் உடனே சந்தைக்கு வந்தன, பள்ளிகள் அவற்றைப் பட்டுக்கு மாற்றின. சில ஆண்டுகளில் வாஷிங்டன் பெயர் இருந்த இடத்தில் சொந்தத் தாத்தா, தம்பி, தங்கை பெயர்கள் ஏறின.

தாழிக் கலசம், நினைவுத்தூண், வில்லோ மரம், தூரத்தில் தேவாலயம், கரையை விட்டுப் போகும் கப்பல் ஆகியவை கிரேக்க, ரோமானிய பாணியிலும் கிறித்துவ நம்பிக்கையிலும் இருந்து வந்த பொதுக் குறிகள். இதில் கவனிக்க வேண்டியது: கல்லறையில் எழுத்தே இல்லாத படங்களும் உண்டு. வீட்டில் யாரும் இறக்காமலே இந்தக் காட்சியைப் பாடமாகத் தைத்த பெண்கள் இருந்தார்கள். பார்த்ததும் ‘பாவம், தம்பியை இழந்தவள்’ என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

கல்லறை தவிர வேற எதுவும் தைக்கலையா?

நிறைய. பைபிளிலிருந்து மோசேயை நாணல் கூடையிலிருந்து எடுக்கும் காட்சி, ரூத்தும் நகோமியும், யெப்தாவின் மகள், கிரேக்கக் காவியத்திலிருந்து ஹெக்டர் மனைவியிடம் விடைபெறுவது, வரைபடங்கள், குடும்பச் சின்னங்கள். ஏஞ்சலிகா காஃப்மன் என்ற ஓவியரின் படங்கள் இங்கிலாந்தில் அச்சாகி வந்தபோது அவற்றைப் பள்ளிகள் மிக விரும்பின. ஷேக்ஸ்பியரின் கல்லறைக்குப் புகழ்த்தேவதை மலர் தூவும் அவருடைய படத்தை வெவ்வேறு ஊர்ப் பெண்கள் தைத்திருக்கிறார்கள்.

ஒரு பெண் ஓவியரின் படம் அச்சு வழியாகக் கடல் தாண்டி இன்னொரு தலைமுறைப் பெண்களின் கைக்கு வந்திருக்கிறது. பாடத்திட்டத்தில் ஓவியத்துக்குத் தனி இடம் இல்லாத பெண்களுக்கு இதுவே ஓவியக் கல்வியாக இருந்தது.

முகத்தை ஏன் தைக்காம வரைஞ்சிருக்காங்க? இது ஏமாத்து வேலை இல்லையா?

இல்லை. ஐந்து சென்டிமீட்டர் உயரமுள்ள உருவத்தில் முகம் ஒரு நகத்தளவுதான் வரும். அந்த அளவில் பட்டு நூலால் உதடும் கண்ணும் தைத்தால் உணர்ச்சி தெரியாது, தடித்துப்போகும். அதனால் முகத்தையும் வானத்தையும் தூரிகைக்கு விடுவது இந்தக் கலையின் முறையாகவே இருந்தது, யாரும் மறைக்கவும் இல்லை.

முகத்தை வரைந்தது பல நேரம் ஆசிரியை, அல்லது காசு கொடுத்து அமர்த்திய ஓவியர். பிலடெல்பியாவில் சாமுவேல் ஃபோல்வெல் மிகச் சிறிய உருவப்படங்கள் வரையும் சிற்றோவியர். அவர் பட்டில் படம் வரைந்து கொடுப்பார், மனைவி தையல் கற்றுக்கொடுப்பார். 1813-ல் அவர் இறக்கும்வரை இது நடந்தது.

அப்போ எல்லாத்தையும் டீச்சரே வரைஞ்சு கொடுத்துட்டா, அந்தப் பொண்ணு செஞ்சது என்ன?

இந்தக் கேள்வியில் ஒரு தாழ்வான மதிப்பீடு ஒளிந்திருக்கிறது. ஒரே பள்ளியில், ஒரே மூலப்படத்திலிருந்து, ஒரே காலத்தில் தைத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். ஒன்றில் மரம் காற்றில் அசையும். இன்னொன்றில் கல் மாதிரி நிற்கும். நூலின் திசை, நிறத்திலிருந்து நிறத்துக்கு நகரும் விதம், எந்த இடத்தில் அடர்த்தி, எந்த இடத்தில் பட்டை வெறுமையாக விடுவது, இதெல்லாம் ஊசி பிடித்தவளின் முடிவு. கோடு அதைச் சொல்லித்தராது.

இன்னொன்று, ஆசிரியைகளும் பெண்கள்தான் என்பதை மறந்துவிடுகிறோம். பள்ளி நடத்தி, விளம்பரம் கொடுத்து, தாங்களே வடிவமைத்து, தங்கள் உழைப்பில் வாழ்ந்த பெண்கள் அவர்கள். அதனால் இந்தப் படங்களுக்குக் கீழே இரண்டு பெயர் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து: தைத்த மாணவி, வடிவம் தந்த ஆசிரியை. பல அருங்காட்சியகங்கள் இப்போது பள்ளியின் பெயரையும் சேர்த்தே எழுதுகின்றன.

எதையும் பார்த்துத் தைக்காம, தானா யோசிச்சு செஞ்ச படம் ஒண்ணாவது இருக்கா?

இருக்கிறது, அதைப் பற்றிப் பேசாமல் இந்தப் பக்கத்தை முடிக்க மாட்டேன். கனெக்டிகட்டின் பிரெஸ்டன் ஊரைச் சேர்ந்த புரூடென்ஸ் பண்டர்சன் 1758-ல் பிறந்தவர். அமெரிக்க விடுதலைப் போர்க் காலத்தில் பட்டில் ஓர் அறையைத் தைத்தார். அறையின் ஓர் ஓரத்தில் தொட்டில், அதில் குழந்தை, தொட்டிலை ஆட்டும் கருப்பினச் சிறுமி. நடுவில் மேசை முன் உட்கார்ந்து வேலை செய்யும் இளம்பெண். மறு ஓரத்தில் சவப்பெட்டி, அதன்மேல் அவருடைய பெயரின் முதலெழுத்துகள். பிறப்பு, வாழ்வு, சாவு மூன்றும் ஒரே அறையில், மூன்றிலும் அவரே. மேலே சொன்ன கல்லறைப் படங்களின் மோகம் வருவதற்குப் பல ஆண்டுகள் முந்தையது இது.

1783-ல் அவருக்குத் திருமணம். 1784-ல் ஒரு மகளைப் பெற்ற சில வாரங்களில் இறந்துபோனார். படம் இப்போது ஹார்ட்ஃபோர்டில் உள்ள கனெக்டிகட் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தத் தொட்டில் சிறுமியையும் கவனியுங்கள். வட மாநிலங்களிலும் அடிமைமுறை வீட்டுக்குள் இருந்ததை ஒரு வீட்டுப் பெண்ணின் ஊசியே பதிந்து வைத்திருக்கிறது.

கருப்பினப் பெண்கள், ஏழைப் பெண்கள் யாரும் செய்யலையா?

பட்டுப் படத்துக்கு இறக்குமதிப் பட்டு, விடுதிக் கட்டணம், சட்டம் என்று நிறையச் செலவு. அதனால் வசதியுள்ளவர்கள் கையிலேயே பெரும்பாலும் இருந்தது. சாம்ப்ளர் வேறு. அது எல்லாத் தரப்பிலும் உண்டு. பால்டிமோரில் கருப்பினப் பெண்துறவியர் 1828-ல் தொடங்கிய பள்ளியின் மாணவிகள் தைத்தவை கிடைத்திருக்கின்றன. செரோக்கீ மக்களின் பெண்கள் மிஷன் பள்ளிகளில் தைத்தவையும் உண்டு. எண்ணிக்கையில் குறைவு என்பதாலேயே அவற்றை முதலில் தேடிப் பார்க்கச் சொல்வேன்.

இவ்வளவு நல்லா இருந்தது, ஏன் நின்னுபோச்சு?

பல காரணங்கள் சேர்ந்தன. 1820களில் வெல்வெட் துணியில் வடிவம் வெட்டிய தாள் (ஸ்டென்சில்) வைத்து வண்ணம் தீட்டும் முறை வந்தது. வேகமானது, மலிவானது. அப்புறம், கட்டம் போட்ட தாளைப் பார்த்து எண்ணித் தைக்கும் பெர்லின் கம்பளி வேலை பரவியது. பெயர் எழுத இடம் விட்டு அச்சடித்த கல்லறைப் படங்களே கடையில் கிடைத்தன.

பெண்கல்வியும் மாறியது. 1821-ல் நியூயார்க் மாநிலத்தின் டிராய் ஊரில் எம்மா வில்லர்டின் பள்ளி, 1823-ல் ஹார்ட்ஃபோர்டில் கேத்தரின் பீச்சரின் பள்ளி வந்தன. அபி ரைட் மாணவிகளுக்குப் பட்டுத் தையல் கற்றுத் தந்த அதே சவுத் ஹாட்லியில் 1837-ல் மேரி லயன் மவுண்ட் ஹோலியோக் பள்ளியைத் திறந்தார். கணிதமும் அறிவியலும் முன்னுக்கு வந்தன. பெண்களுக்கு அது தேவையாக இருந்தது, நான் வருந்தவில்லை. ஆனால் தையல் பாடத்தோடு சேர்த்து அதைத் தைத்தவர்களின் பெயர்களும் மறந்துபோனது நியாயமில்லை.

கல்லறையில 1796-ன்னு இருக்கு. அப்ப படமும் 1796-தானே?

அவசரப்பட வேண்டாம். அது இறந்தவரின் ஆண்டு. மகளோ பேத்தியோ பத்து வருடம் கழித்துப் பள்ளிக்குப் போனபோது தைத்திருக்கலாம். ஒரே கல்லறையில் வெவ்வேறு மையில் பல பெயர் இருந்தால், பின்னால் இறந்தவர்களைப் பிற்பாடு சேர்த்திருப்பார்கள்.

படத்தின் காலத்தைச் சொல்வது கண்ணாடி. விளிம்பைச் சுற்றிக் கண்ணாடியின் உள்பக்கத்தில் கருப்பு வண்ணம் பூசி, அதில் தங்கத்தாளால் மாணவியின் பெயர், சில நேரம் பள்ளி, ஆண்டு எழுதுவது அன்றைய வழக்கம். உருவங்களின் உடையும் உதவும். மார்புக்குக் கீழேயே இடுப்புக்கோடு வரும் வெள்ளை அங்கி 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளின் பாணி.

கடையில ஒண்ணு பார்த்தேன். ஒரிஜினலான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பூதக்கண்ணாடியோடு போங்கள். முதலில் நெய்ததா, தைத்ததா என்று பாருங்கள். இங்கிலாந்தின் கவென்ட்ரியில் தாமஸ் ஸ்டீவன்ஸ் 1879 முதல் விற்ற சிறிய பட்டுப் படங்களைப் பலர் எம்பிராய்டரி என்று நினைக்கிறார்கள். அவை துளையிட்ட அட்டைகளால் வடிவம் நெய்யும் ஜக்கார்டு தறியில் நெய்தவை. தறியில் நெய்ததில் இழைகள் சீராகக் குறுக்கும் நெடுக்குமாகவே ஓடும். ஊசி வேலையில் நூல் எல்லாத் திசைக்கும் திரும்பும்.

அடுத்து, கருப்பு, பழுப்பு நூல்களைப் பாருங்கள். இரும்புச் சத்துள்ள சாயம் பட்டை அரித்துவிடும் என்பதால் பழைய படத்தில் அந்த நிறங்களே முதலில் உதிர்ந்திருக்கும். நூல் உதிர்ந்த இடத்தில் அடியில் வரைந்த மைக்கோடு தெரிந்தால் நல்ல அறிகுறி. எல்லா நிறமும் ஒரே பளிச்சென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். பின்பலகை, ஆணி, சட்டம் செய்தவரின் ஒட்டுச்சீட்டு ஆகியவற்றையும் விட வேண்டாம்.

ரொம்ப அழுக்கா இருக்கு. லேசா நனைச்சுத் துடைக்கலாமா? நம்ம பட்டுப்புடவையையே துவைக்கிறோமே?

கூடவே கூடாது. வானமும் முகமும் நீர்வண்ணம் என்று முதல் பதிலிலேயே சொன்னேன். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் முகம் கரைந்துவிடும், மை ஊறிப் பரவும், சாயமும் இறங்கலாம். டிரை கிளீனிங், இஸ்திரி, தூரிகையால் தூசி தட்டுவது எதுவும் வேண்டாம். துணிப் பாதுகாப்பு தெரிந்த வல்லுநரிடம் மட்டும் கொடுங்கள்.

உங்கள் கையில் இருப்பது வெளிச்சத்தைக் குறைப்பது. பருத்தி, கம்பளியைவிடப் பட்டு வெளிச்சத்தில் வேகமாக நைந்துபோகும், பட்ட சேதம் திரும்பாது. அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) அளவு மங்கலான விளக்கில் வைப்பதும், சில மாதங்களில் எடுத்து உள்ளே வைத்துவிடுவதும் இதனால்தான். வீட்டில் ஜன்னலுக்கு எதிரில், சமையலறைப் பக்கம், ஈரச்சுவரில் மாட்ட வேண்டாம்.

சட்டம் பழசாயிடுச்சு. கழட்டிட்டுப் புது ஃப்ரேம் போட்டா அழகா இருக்காதா?

அழகாக இருக்கலாம், ஆனால் படத்தின் வரலாறு போய்விடும். பெயர் இருப்பது கண்ணாடியில், கடைக்காரர் சீட்டு இருப்பது பின்பலகையில். பல படங்களில் ‘இன்னாருடையது’ என்று தெரியாமல் போனதற்கு, யாரோ ஒருவர் உடைந்த கண்ணாடியைத் தூக்கிப் போட்டதே காரணம். உடைந்த துண்டுகளையும் சேர்த்து வைத்திருங்கள். பழைய பலகையின் அமிலம் பட்டைக் கெடுக்கும் என்பது உண்மை. அதற்கு வல்லுநர் இடையில் அமிலமில்லாத அட்டை வைத்து, அதே சட்டத்தைத் திரும்பப் பூட்டுவார்.

என்ன விலை போகும்?

பெயர், பள்ளி, பழைய சட்டம், பட்டின் நிலை ஆகியவற்றைப் பொறுத்துத் தலைகீழாக மாறும். இத்துறையின் பெரிய ஆய்வாளர் பெட்டி ரிங் சேகரித்தவை 2012-ல் நியூயார்க்கில் ஏலம் போனபோது, நியூ ஜெர்சிச் சிறுமி மேரி ஆன்ட்ரிம் 1807-ல் தைத்த லினன் சாம்ப்ளர் ஒன்று 10 லட்சம் டாலருக்கு மேல் போனது. அது விதிவிலக்கு. பெயரில்லாத, கிழிந்த கல்லறைப் படங்கள் எளியவர்களும் வாங்கும் விலையில் இன்றும் கிடைக்கின்றன.

நம்ம தமிழ்ப் பெண்களுக்கும் இதுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

நேரடியாக இல்லை, ஆனால் ஒரு இழை உண்டு. யாழ்ப்பாணத்தில் 1824-ல் உடுவில் பெண்கள் பாடசாலையைத் தொடங்கிய ஹாரியட் வின்ஸ்லோ 1796-ல் கனெக்டிகட்டின் நார்விச்சில் பிறந்தவர். புரூடென்ஸ் பண்டர்சனின் பிரெஸ்டன் அதற்குப் பக்கத்து ஊர். இந்தப் படங்கள் வீட்டுச் சுவர்களில் தொங்கிய காலத்தில், அதே வட்டாரத்தில் வளர்ந்தவர் அவர். உடுவிலும் பெண்களை விடுதியில் வைத்துப் படிக்கவைத்த பள்ளிதான்.

கண்ணாடியில ஒரு பேரு, கல்லறையில வேற குடும்பப் பேரு. தைச்சது யாரு, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கண்ணாடியில் இருப்பவள்தான் தைத்தவள் என்று தொடங்குங்கள். கல்லறையில் இருப்பது பெரும்பாலும் தாய்வழித் தாத்தா பாட்டி, மறுமணம் செய்த தாயின் முதல் கணவர், அல்லது மணமாகி இறந்த அக்கா. அந்த ஊர்த் தேவாலயப் பதிவிலும் நகரப் பதிவிலும் இறந்தவரின் தேதியை முதலில் பிடியுங்கள். அது கல்லறையில் முழுதாக எழுதியிருந்தால் எளிது. அங்கிருந்து பேத்திகள், தங்கைகள் போன்ற உறவுகளின் பட்டியலுக்கு வாருங்கள், கண்ணாடியின் பெயர் அதில் வரக்கூடும்.

திருமணத்துக்குப் பிறகு அவள் பெயர் மாறியிருக்கும் என்பதால், அடுத்து தேட வேண்டியது திருமணப் பதிவு. பள்ளியின் பெயர் தெரிந்தால் அந்த ஊர் வரலாற்றுச் சங்கத்துக்கு எழுதுங்கள். லிச்ஃபீல்டு போன்ற இடங்களில் மாணவிகளின் பெயர்களைத் திரட்டி வைத்திருக்கிறார்கள். எழுதும்போது படத்தின் முன்பக்கத்தோடு பின்பலகையின் புகைப்படத்தையும் அனுப்புங்கள்.